சீனியும் என் ஞாயிற்றுக்கிழமைகளும்

ஜனவரி 4, 2025, சனி

ராத்திரி மணி பதினொன்னு, எங்க பூனை சீனி இன்னும் கத்திக்கிட்டேதான் இருக்கா. மூணு நாளா இதே கதைதான், தரையில உருள்றா, முதுகைத் தடவுனா பின்பக்கத்தைத் தூக்கிக்கிட்டு நிக்கிறா, குரல் அப்படியே கைக்குழந்தை அழுகுற மாதிரி. வயித்துவலியோன்னு பயந்து சாயங்காலம் கூடையில வச்சு டாக்டர்ட்ட தூக்கிட்டுப் போனேன். பார்த்துட்டு ஒன்னுமில்லம்மா பருவத்துக்கு வந்துட்டா, அஞ்சு மாசத்துலயே சில பூனைக்கு வந்துரும்னு சொன்னார். இந்த நேரத்துல கருத்தடை ஆபரேஷன் பண்ணா ரத்தம் கூட போகுமாம், ஒரு வாரத்துல அடங்கிரும் அப்புறமா கூட்டிட்டு வாங்கன்னுட்டார்.

அஞ்சு மாசம் ஆயிருச்சா இவளுக்கு! ஆகஸ்ட் கடைசியில ஒரு மழைநாள் எங்க புதூர் தெருவுல ட்ரான்ஸ்ஃபார்மர் கீழ நனைஞ்சு கெடந்தா, என் உள்ளங்கையில அடங்குனா. வெள்ளிக்கிழமை விளக்கேத்துற வீட்ல பூனையாடின்னு அம்மா ஒரு வாரம் சரியா பேசல, ஆனா வெள்ளைவெளேர்னு இருக்கான்னு சீனின்னு பேரு வச்சதும் அம்மாதான். பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாதுன்னு பின்னாடிதான் படிச்சேன், அந்த ருசியை அறியுற மரபணு பூனை இனத்துல வேலை செய்யாதாம். அதனால என்ன, பேரு பேருதான்.

நாளைக்கு கீழக்குயில்குடி சமணர் மலை. காலையில அஞ்சரைக்கு கிளம்பணும், இவ தூங்கவிட்டாத்தானே.

ஜனவரி 5, ஞாயிறு

முன்னாடியெல்லாம் எங்க ஃப்ரெண்ட்ஸ் குரூப் வெள்ளிக்கிழமை ராத்திரியே கொடைக்கானல், ராமேஸ்வரம்னு பஸ் ஏறிரும். சீனி வந்ததுலேருந்து ராத்திரி தங்குற மாதிரி நான் எங்கயும் போறதில்ல, நான் இல்லாட்டி தட்டுல வச்ச சூடை மீன் அப்படியே கெடக்கு, கதவையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கான்னு அம்மா சொல்லுது. நீங்க போயிட்டு வாங்கன்னு சொன்னேன். பேங்க்ல இருக்கவ ஒத்துக்கவே இல்ல, நீ மத்தியானத்துக்குள்ள வீட்டுக்கு போகணும் அவ்ளோதானே, அப்ப மதுரையைச் சுத்தியே போவோம்டீன்னுட்டா. இருபத்தாறு வருஷமா இந்த ஊர்ல இருந்துக்கிட்டு சமணர் மலைக்கு இன்னைக்குத்தான் முதல்தடவை ஏறுறேன்.

ஆறரைக்கெல்லாம் போய்ச் சேந்துட்டோம். மலையடிவாரத்துல தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில், கோயிலுக்குப் பக்கத்துலயே பாறையில வெட்டுன படி. மேல பேச்சிப்பள்ளம்ங்கிற இடத்துல ஒரே வரிசையா தீர்த்தங்கரர் (சமணர் கும்புடுற குருமார்) சிற்பங்கள், ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு, முகமெல்லாம் இன்னும் அமைதியா இருக்கு. கீழ வட்டெழுத்துங்கிற பழைய தமிழ் எழுத்துல, செய்யச் சொன்னவங்க பேரை வெட்டி வச்சிருக்காங்க. எங்க டீச்சர் (ஹிஸ்டரி எடுக்குறா, அதனால கைடு வேற தேவையில்ல) அதுல ஒன்னைக் காட்டுனா. அச்சணந்தின்னு ஒரு துறவி, அவரோட அம்மா குணமதியார் செய்வித்த திருமேனின்னு இருக்காம். பிள்ளை துறவியா போயிட்டான், அம்மா மலையேறி வந்து ஒரு சிலை செய்ய வச்சிருக்கு, பேரும் கல்லுல நின்னுருச்சு. எனக்கு அந்த இடத்தை விட்டு நகரவே மனசில்ல. கேமராக்காரன் டேய் வாங்கடா வெயில் ஏறுதுன்னு கத்துனதுக்கப்புறம்தான் இறங்குனோம். வர்ற வழியில பருத்திப்பால், சுக்கும் கருப்பட்டியும் தூக்கலா, ஆளுக்கு ரெண்டு டம்ளர்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டுனதும் சீனி ஓடி வந்து மோந்து பார்த்தா. சும்மா இல்ல, ரெண்டு செருப்பையும் ஓரம் ஓரமா, அஞ்சு நிமிஷம். நடுவுல வாயை லேசா திறந்து வச்சுக்கிட்டு அப்படியே நின்னா. மேலண்ணத்துல இவங்களுக்கு வாசம் பிடிக்க இன்னொரு உறுப்பு இருக்கு, வாயைத் திறந்து அங்க இழுத்துக்குவாங்க. மலை, குளம், ஆட்டுப்புழுக்கை எல்லாம் அவளுக்கு போய்ச் சேர்ந்திருக்கும். கத்தல் கொஞ்சம் குறைஞ்சிருக்கு.

ஜனவரி 8, புதன்

நேத்து ஆபீஸ்லேருந்து வர்றப்ப தல்லாகுளம் முழுக்க ஜனம். மேலூர் பக்கத்து ஊர்க்காரங்க டங்ஸ்டன் சுரங்கம் வேணாம்னு நரசிங்கம்பட்டிலேருந்து நடந்தே வந்திருந்தாங்க. வயசான அம்மாக்கள், முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டு, வெறுங்கால்ல சிலபேர். வண்டியை ஓரமா நிறுத்திட்டு நானும் கொஞ்சநேரம் கூட நின்னேன். அந்தச் சுரங்கம் வரப்போறதா சொன்ன பக்கத்துல இருக்குற அரிட்டாபட்டிக்கு அடுத்த வாட்டி போவோம்னு குரூப்ல போட்டேன், எல்லாரும் சரின்னுட்டாங்க.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பனங்கிழங்கு வேகவச்சோம். கரும்புச் சக்கை மேல சீனி ரெண்டு மணிநேரம் விளையாடுனா. டிவியில அவனியாபுரம் ஜல்லிக்கட்டு ஓடுச்சு, காளை துள்ளுறப்பல்லாம் இவ தலையும் கூடவே போச்சு. இப்ப அமைதியா இருக்கா, ஆபரேஷனுக்கு தேதி கேக்கணும், லீவு முடியட்டும்னு தள்ளிப்போட்டுட்டேன்.

ஜனவரி 19, ஞாயிறு

தள்ளிப்போட்டது எவ்ளோ பெரிய தப்பு.

நேத்து சாயங்காலமே திரும்பக் கத்த ஆரம்பிச்சுட்டா. மனசில்லாமத்தான் கிளம்புனேன், அம்மாட்ட மொட்டைமாடிக் கதவை மட்டும் திறந்துறாதன்னு நாலு தடவை சொல்லிட்டு. அரிட்டாபட்டி எங்க வீட்லேருந்து ஒரு மணிநேரம் கூட இல்ல. ஊரைச் சுத்தி ஏழு மலை, வெயில் படப்பட பாறை நிறம் மாறிக்கிட்டே இருக்கு. 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அறிவிச்சது இந்த இடத்தைத்தான், பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர். கேமராக்காரன் வந்ததுலேருந்து வானத்தையே பார்த்துக்கிட்டிருந்தான், லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளிக் கழுகு மூணுமே இங்க இருக்கு, பாறை இடுக்குலதான் கூடு கட்டும்னான். குடைவரைக் கோயிலுக்கு போனோம். வாசல்ல ஒரு பக்கம் பிள்ளையார், இன்னொரு பக்கம் லகுலீசர், சிவனோட ஒரு வடிவம். லகுலீசர் சிலையை தமிழ்நாட்டுல ரொம்ப கொஞ்ச இடத்துலதான் பார்க்கலாம்னு டீச்சர் சொல்லிக்கிட்டிருக்கப்பவே போன். அம்மா. சீனியைக் காணோம்டி.

துணி காயப்போட வந்த கீழ்வீட்டு அக்கா கதவைச் சாத்தாம போயிட்டாங்க, அவங்க மேல கோபப்பட்டு என்ன பண்றது, அவங்களுக்கு தெரியாது. தமிழி (ரொம்பப் பழைய தமிழ் எழுத்து) கல்வெட்டு, சமணர் படுக்கை எதையுமே பார்க்கல, யாரும் ஒரு வார்த்தை சொல்லல, பேங்க்காரி வண்டியை எடுத்துட்டா. வழி முழுக்க அவ முதுகுல முகத்தை வச்சு அழுதுக்கிட்டே வந்தேன். வந்தா எங்க தெருவே தேடிக்கிட்டு இருக்கு, அம்மா வெயில்ல செருப்பு இல்லாம ஒரு தட்டுல கருவாட்டை வச்சு தட்டிக்கிட்டே சீனீ சீனீன்னு. மூணாவது வீட்டு மாடியில சின்டெக்ஸ் டேங்குக்கு அடியிலேருந்து கேமராக்காரன்தான் கண்டுபிடிச்சான். பருந்து பார்க்குற கண்ணுல்ல. ஒரு பெரிய கடுவன் பக்கத்துச் சுவர்ல உக்காந்திருந்துச்சு, நல்லவேளை, இவ பயந்து உள்ள பதுங்கிட்டா போல.

அம்மா அவளை வாங்கி மார்ல அணைச்சுக்கிட்டே ஒரு அடி குடுத்துச்சு, பின்ன கொஞ்சுச்சு.

ஜனவரி 24, வெள்ளி

நேத்து சுரங்க ஏலத்தை ரத்து பண்ணிட்டாங்க. குரூப்ல டீச்சர் வாய்ஸ் நோட்ல அழுகுறா. வல்லூறு கூட்டுக்கு ஒன்னும் ஆகாதுன்னு நினைச்சப்ப எனக்கும் தொண்டை அடைச்சிருச்சு, அந்த மலையை நான் பாதிதான் பார்த்திருக்கேன். சீனி அடங்கிட்டா. பிப்ரவரி 1 சனிக்கிழமை தேதி வாங்கியாச்சு.

பிப்ரவரி 2, ஞாயிறு

நேத்து எழுத முடியல. முந்தின ராத்திரிலேருந்து சாப்பாடு கூடாதுன்னு சொல்லிட்டாங்க, காலையில என் காலைச் சுத்திச்சுத்தி வந்து கேக்குறா, குடுக்க முடியாம நான் பாத்ரூம்ல போய் நின்னுக்கிட்டேன். மத்தியானம் திருப்பிக் குடுத்தாங்க. மயக்கம் முழுசா தெளியல, கண்ணு திறந்துதான் இருக்கு ஆனா என்னைப் பார்க்கல, கருவிழி பெருசா, நாலு கால் நாலு பக்கம் போகுது. உடம்பு சில்லுன்னு ஆகும், சூடா வச்சுக்கங்கன்னு டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா தன்னோட பழைய பருத்திச்சேலையை நாலா மடிச்சு விரிச்சு, பாட்டில்ல வெந்நீர் ஊத்தி துண்டு சுத்தி பக்கத்துல வச்சுச்சு. கழுத்துல மாட்டுன பிளாஸ்டிக் கூம்பை இவ சுவர்ல முட்டிக்கிட்டே இருந்தா, அம்மா தாங்காம பழைய நைட்டியோட கையை வெட்டி, காலுக்கு நாலு ஓட்டை போட்டு சட்டையா மாட்டிவிட்டுச்சு. தையல் மூடியிருந்தா சரிதான்னு டாக்டரும் போன்ல சொல்லிட்டார். ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுப் பார்த்தா அம்மா தரையில அவ பக்கத்துல படுத்திருக்கு, கை அவ மேல.

இன்னைக்கு எங்கயும் போகல. மூணு பேரும் எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க, கறிதோசை வாங்கிட்டு. பேசக்கூட மெதுவாத்தான் பேசுனோம். நாலு மணிக்கு எந்திரிச்சு வந்து ரெண்டு துண்டு மீன் சாப்பிட்டா, அதைப் பார்த்து நாங்க அஞ்சு பேரும் கைதட்டாத குறைதான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூச லீவு. காலையில தையல் பிரிச்சாச்சு. நல்லா ஆறியிருக்கு, வயித்துப் பக்கம் முடி மட்டும் பொடிப்பொடியா முளைக்குது.

சாயங்காலம் வண்டியூர் தெப்பம். திருமலை நாயக்கர் 1645-ல வெட்டுன குளம். நாங்க ஸ்கூல் படிக்குறப்ப காஞ்சு கெடக்கும், பசங்க உள்ள கிரிக்கெட் ஆடுவாங்க, இப்ப வைகைத் தண்ணி நிறைஞ்சு மைய மண்டபம் மிதக்குற மாதிரி நிக்குது. அம்மாவையும் கூட்டிட்டுப் போனோம், கூட்டத்துல பேங்க்காரி அம்மா கையை விடவே இல்ல. மீனாட்சியும் சொக்கரும் தெப்பத்துல வர, கரையிலேருந்து வடம் பிடிச்சு இழுக்குறாங்க, தண்ணியில விளக்கெல்லாம் நெளியுது, மேல பௌர்ணமி நிலா. அம்மா கன்னத்துல போட்டுக்கிட்டே, வீட்ல தனியா இருக்கா, ஒரு சுத்து பார்த்துட்டு கிளம்பிருவோம்டின்னு சொல்லுச்சு.

பத்து மணிக்குள்ள வந்துட்டோம். சீனி இப்ப அம்மா செருப்பைத்தான் மோந்துக்கிட்டிருக்கா, குளத்துக்கரை ஈரமண்ணு அதுலதான் நிறைய ஒட்டியிருக்கு. வாயைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கிறா. கதவோரத்துல அம்மாவும் நின்னு பார்த்துக்கிட்டே இருக்கு, இன்னும் லைட்டை அணைக்கல.