மூக்கனேரிப் பக்கத்துத் தவளைகள்: ஐப்பசி நாட்குறிப்பு

அக்டோபர் 18

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ராத்திரி முழுக்கச் சேர்வராயன் மலைப்பக்கம் இடி. காலையில் சேலத்து மூக்கனேரிக்குத் தண்ணீர் வருவதைப் பார்க்கப் போனேன். கரையோரம் மிதந்துகொண்டிருந்த தவளைகள் என் காலடிச் சத்தத்துக்கு முங்கவில்லை. தண்ணீர் மேலேயே தத்தித் தத்தி ஓடின. கொஞ்ச தூரம் போய்த்தான் நீந்த ஆரம்பித்தன, இரண்டு பின்னங்காலையும் ஒன்றாக மடக்கி ஒன்றாக உதைத்து. உதைக்கும்போது விரலிடைச் சவ்வு விரிகிறது, காலை இழுக்கும்போது சுருங்குகிறது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்ட வாயைக் காப்பாற்றுவது இந்தக் கால்தான்.

அக்டோபர் 21

தீபாவளி லீவுக்கு அக்கா மகன் வந்திருக்கிறான். "மாமா, ஸ்லோமோஷன்ல எடுத்துப் பாக்கலாம்" என்றான். கொல்லையில் துவைக்கிற கல்லடியில் ஒரு பெரிய தவளை இருந்தது. சாயங்காலம் வரை அதன் பின்னாலேயே சுற்றினோம்.

உட்கார்ந்திருக்கும்போது முதுகில் ஒரு கூன் தெரியும். நீண்ட இடுப்பெலும்பு முதுகெலும்போடு சேரும் மூட்டு அது. தாவும்போது அதுவும் நிமிர்ந்துகொடுக்கிறது. நமக்குக் கணுக்காலில் குட்டியாக இருக்கும் எலும்புகளில் இரண்டு தவளைக்கு நீண்டுவிட்டன. அதனால் பின்னங்காலில் மடக்கி நீட்ட ஒரு துண்டு கூடுதல்.

வீடியோவில் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. கால் அசைவதற்கு முன்பே கெண்டைச்சதை சுருங்கி, தசையை எலும்போடு கட்டும் கணுக்கால் பக்கத்துத் தசைநாணை இழுத்துவைத்துவிடுகிறது. தரையை விட்டுக் கிளம்பும்போது அந்த நாண் விடுபட்டுச் சுருங்குகிறது. உண்டிவில் கணக்குதான். தசை மட்டும் அத்தனை வேகம் தர முடியாது. ஆஸ்ட்லி, ராபர்ட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எக்ஸ்ரே வீடியோ எடுத்து இதைக் காட்டினார்கள். 2012இல் வெளியான கட்டுரை.

அந்தரத்தில் முன்னங்கால் உடம்போடு ஒட்டியிருக்கிறது, இறங்கும் நேரத்தில் முன்னால் நீள்கிறது. பையன் அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான்.

அக்டோபர் 22

மழை. கரண்ட் இல்லை.

அக்டோபர் 24

தெருவிளக்கடியில் ஈசல். அதைத் தின்ன ஒரு சொறித்தவளை வந்தது. இது தாவுகிற ஜாதியே இல்லை. இடது, வலது என்று காலை மாற்றி மாற்றி வைத்து நடக்கிறது. அவசரமென்றால் நாலு குட்டிக் குதி. பின்னங்கால் கட்டை. கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பியில் விஷம் இருப்பதால், துரத்துகிறவனுக்குப் பயந்து ஓடவேண்டிய அவசியம் அவ்வளவாக இல்லை.

"தொடாதடா, மரு வரும்" என்றார் அம்மாயி. மரு வைரஸால் வருவது. ஆனால் அம்மாயியிடம் அதைச் சொல்லி ஜெயிக்க முடியாது. விஷம் இருக்கிறதே, தொடாமல் இருப்பதும் நல்லதுதான் என்று விட்டுவிட்டேன்.

அக்டோபர் 27

ஏற்காட்டில் நண்பர் வீடு. காபித் தோட்டத்துக்குள் இருப்பதால் பாத்ரூம் சுவரில் தேரை, அதாவது மரத்தவளை, இல்லாத நாள் இல்லையாம். டைல்ஸில் ஒட்டியிருந்ததைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். விரல் நுனி ஒவ்வொன்றிலும் வட்டத் தட்டு. அதன் தோலில் அறுகோணச் செல்கள், நடுநடுவே பள்ளம், பள்ளத்தில் ஈரப்பசை. கழற்றும்போது இழுக்காமல் தோலை உரிக்கிற மாதிரி ஓரத்திலிருந்து தூக்கிவிடுகிறது. நண்பரின் மனைவிக்கு இந்த விளக்கத்தில் துளியும் ஆர்வமில்லை. "அண்ணா, அதைப் பிடிச்சு வெளிய விடுங்க" என்றார்.

நவம்பர் 2

மழை விட்டிருந்தது. கீரைப் பாத்தியைக் கொத்தும்போது உருண்டையாக ஒன்று மேலே வந்தது. மண்ணுக்குள் வாழும் தவளை. வெயில் பட்டதும் பின்பக்கமாகவே இறங்க ஆரம்பித்துவிட்டது. பின்பாதத்தின் உட்பக்கம் கெட்டியான ஒரு மேடு இருக்கிறது, அதைக்கொண்டு இரண்டு காலாலும் மண்ணைப் பக்கவாட்டில் தள்ளி, உடம்பை இப்படியும் அப்படியும் திருகி உள்ளே போகிறது. முகம்தான் கடைசி.

பையனுக்கு போன் பண்ணிச் சொன்னேன். "வீடியோ எடுத்தீங்களா மாமா?" கையெல்லாம் சேறு, எப்படி எடுப்பது? சரி, அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டு மீதியில் தண்டுக்கீரை விதை தூவியாயிற்று.