நாலணா, எட்டணா: காந்தம் வைத்துப் பிரித்த கதை

பழைய சில்லறைக் குவியலை உலோகவாரியாகப் பிரிக்கத் தராசே போதும் என்று ஆரம்பித்தது. போதவில்லை. 1960களின் எட்டணா (50 பைசா) சுத்த நிக்கல்: 5 கிராம், 24 மி.மீ. 1972க்குப் பின் வந்தது குப்ரோ நிக்கல், அதாவது செம்பு 75, நிக்கல் 25 சதவீதம். அதுவும் 5 கிராம், 24 மி.மீ.தான்! நாலணாவிலும் (25 பைசா) அப்படியே, இரண்டு ரகமும் 2.5 கிராம், 19 மி.மீ.

அடுத்து அடர்த்தி. 0.01 கிராம் வரை காட்டும் தராசில் தண்ணீர் தம்ளரை வைத்துப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முங்க விட வேண்டும். அடியில் பட்டால் காசின் எடையும் சேர்ந்துவிடும். படாமல் தொங்கினால் தராசில் தெரியும் எண்தான் கன சென்டிமீட்டரில் காசின் கனஅளவு; எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. ஒற்றை நாலணாவுக்கு 0.28 வரும். அதுவே 0.27 என்று காட்டினால் அடர்த்தி 8.9லிருந்து 9.26க்குத் தாவிவிடும். பத்துக் காசைச் சேர்த்துக் கட்டினால் இந்தப் பிழை அடங்கும். இடுக்கில் குமிழி தங்காமலிருக்க ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. இவ்வளவு பாடுபட்டும் பலனில்லை. செம்பு, நிக்கல் இரண்டுக்குமே அடர்த்தி ஏறக்குறைய 8.9!

கடைசியில் கைகொடுத்தது காந்தம். நிக்கல் பச்சென்று ஒட்டும், குப்ரோ நிக்கல் அசையாது. 1988 முதல் வந்த எவர்சில்வர் காசும் ஒட்டும் (நிக்கல் கலக்காத ரகம் அது, ஒட்டுவது அதிலுள்ள இரும்பால்), ஆனால் அங்கே எடை காட்டிக்கொடுக்கும்: நாலணா 2.83, எட்டணா 3.79 கிராம். 1988 முதல் 1990 வரை குப்ரோ நிக்கல், எவர்சில்வர் இரண்டிலும் அடித்திருப்பதால் ஆண்டை மட்டும் நம்பிப் பிரித்தால் கலந்துவிடும். நியோடிமியம் என்ற வலுவான காந்தத்தின் மேல் அலுமினியக் காசைச் சறுக்கவிட்டால் தயங்கித் தயங்கிப் போகும். அது காந்தத்தருகே நகரும் உலோகத்துக்குள் எழும் சுழல் மின்னோட்டத்தின் வேலை. அசையாமல் வைத்தால் ஒட்டாது.

மதிப்புக்கு வருவோம். குப்ரோ நிக்கல் நாலணா ஒரு கிலோவுக்கு 400 காசு, முகமதிப்பு 100 ரூபாய். உள்ளே 750 கிராம் செம்பு, 250 கிராம் நிக்கல். செம்பின் விலை மட்டுமே அந்த நூறைப் பலமடங்கு தாண்டும். 0.75 கிராம் அலுமினிய ஒரு பைசா கிலோவுக்கு 1,333. முகமதிப்பு 13 ரூபாய் சொச்சம். ஆனால் எல்லாவற்றையும் உருக்கப் புறப்படாதீர்கள், செல்லும் காசை உருக்குவது 2011 நாணயச் சட்டப்படி குற்றம். அதே 2011 ஜூன் 30 முதல் நாலணாவும் அதற்குக் கீழும் செல்லாக்காசு. எட்டணா மட்டும் சட்டப்படி இன்னும் செல்லும்.