மின்ட் ஏறிவிட்டது, பாமினியைக் காணோம்

வீரவநல்லூரில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கடை கம்ப்யூட்டர் நாலாம் தலைமுறை ஐ3. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப், எட்டாம் தலைமுறை இன்டெல் என்று கேட்கிறது. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை வரை பஸ் ஏறிப் போய் ஒரு சர்வீஸ் கடையில் விசாரித்தேன்.

"புதுசு எடுத்துருங்க அண்ணாச்சி."

"லினக்ஸ் போட்டா என்னப்பா?"

"அதுல தமிழே வராது."

அந்தப் பேச்சை நம்பி ஒரு மாசம் சும்மா இருந்ததுதான் நான் செய்த முதல் கிறுக்கு.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22.2 இறக்கினேன், பென் டிரைவில் ஏற்றினேன், இன்ஸ்டால் செய்தேன். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை. 2029 வரை அப்டேட் வரும்.

வைஃபை வரவில்லை. போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டு, டிரைவர் மேனேஜரில் டிரைவரை இறக்கினேன். நடுவில் ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொன்னது, வைத்தேன். ரீஸ்டார்ட் ஆகும்போது ஒரு நீலத் திரை வரும். பத்து நொடிக்குள் ஏதாவது ஒரு கீயை அமுக்கி உள்ளே போய், அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். செக்யூர் பூட் என்ற பாதுகாப்புப் பூட்டு ஆனில் இருந்தால் இது கட்டாயம். எனக்கு அந்த நேரம் பார்த்து ஒரு மயினி ஆதார் ஜெராக்ஸுக்கு வந்து நின்றார்கள். முன்னும் பின்னும் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் நீலத் திரை போய்விட்டது, வைஃபையும் இல்லை. டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. கடையைச் சாத்திவிட்டு இந்த வேலையைச் செய்யுங்கள்.

உண்மையான அடி மறுநாள் விழுந்தது. சுடலைமாடன் கோயில் கொடை நோட்டீஸ். போன வருஷ ஃபைல் இருக்கிறது, தேதியை மட்டும் மாற்றினால் போதும். லிப்ரே ஆபீஸில் திறந்தால், 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் நாலு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும். கொடைக்கு வரி கொடுக்கும் வரிதாரர் பட்டியல் முழுக்க இப்படித்தான். அந்த ஃபைல் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது. அது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோட் இல்லை, ஆங்கில எழுத்துக்கே தமிழ் உருவம் போட்டது. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் எல்லாம் ஆங்கிலக் குப்பை. டி டிரைவில் இருந்த ஃபைலையெல்லாம் பத்திரப்படுத்திய நான், சி டிரைவில் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை எடுக்காமலே அழித்திருந்தேன்.

"என்ன வே, தேதிய மாத்த ரெண்டு நாளா?" என்று கொடைக்கமிட்டி அண்ணாச்சி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சேரன்மகாதேவியில் தெரிந்த அச்சகத்துக்கு ஓடினேன். பாமினி ஃபான்ட்களைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள். சரியாக இருக்கிறதா என்று அங்கேயே இன்னொரு சிஸ்டத்தில் திறந்து பார்த்தால் எல்லாம் ஷார்ட்கட். அந்தப் பாழாய்ப்போன வைரஸ்தான். போன காரியம் கெட்டது என்று திரும்பி வந்து, ஏதோ ஒரு நப்பாசையில் கடையில் சொருகினேன். மின்ட் ஷார்ட்கட்டையும் காட்டியது, வைரஸ் ஒளித்து வைத்திருந்த அசல் ஃபான்ட்களையும் பக்கத்திலேயே காட்டியது! டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்து, ஆபீஸை மூடித் திறந்ததும் சுடலைமாடன் தமிழில் வந்து நின்றார்.

பிடிஎஃப் ஆக்கினால் எழுத்துரு உள்ளேயே போய்விடும், அச்சகத்துக்கு அப்படியே அனுப்பலாம். புதிதாக அடிக்கும் வேலைக்கு இன்புட் மெத்தடில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டேன், அது யூனிகோடிலேயே வரும். பழைய பாமினி ஃபைலைக் கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடாக மாற்றுகிறவர்கள் பேர் பட்டியலை எழுத்துக்கூட்டி வாசித்துப் பாருங்கள். ஒரு கொம்பு மாறினாலும் வரிதாரர் சண்டைக்கு வந்துவிடுவார்.

ப்ரூஃபைப் பார்த்த அண்ணாச்சி, "போன வருசம் மாதிரியேதான வே இருக்கு, இதுக்கா இவ்வளவு பாடு?" என்றார்.

பழைய லேசர் பிரிண்டர் மட்டும் இன்னும் மசியவில்லை. முதல் தாளை எடுக்கிறது, இரண்டாவதில் நின்றுவிடுகிறது.