குளம் வெட்டும் தம்பி தங்கைகளுக்கு

அவிநாசி, அன்னூர், பெருந்துறைப் பக்கம் குளத்தில் சீமைக்கருவேலம் வெட்டுவது, படிப்பகம் நடத்துவது என்று ஓடும் இளைஞர்களைப் பார்க்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் எல்லாச் செலவையும் கைக்காசிலேயே முடிக்கிறீர்களே, அதுதான் மனசுக்குக் கஷ்டம்.

'நமக்கு நாமே' திட்டம் உங்களுக்கானது. பொதுவாக மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். ஆறு லட்ச ரூபாய் வேலைக்கு ஊர் இரண்டு லட்சம் திரட்ட வேண்டும். அந்தப் பங்கை ஊரிலுள்ள பனியன் கம்பெனியோ மில்லோ கூடக் கொடுக்கலாம். தயங்காமல் போய்க் கேளுங்கள்.

பெரிய கம்பெனிகள் சமூகப் பணிக்குத் தரும் சிஎஸ்ஆர் பணம் வேறு கதை. லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறது. ஆனால் அதை வாங்கும் அமைப்புக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி வரிச்சலுகைப் பதிவும் பொதுவாக மூன்று வருட அனுபவமும் வேண்டும். இருபது வயசுப் பிள்ளைகள் அதற்கு எங்கே போவார்கள்? மாவட்டத்துக்கு ஒரு சிறு நிதியை இளைஞர் குழுக்களுக்கென்றே ஒதுக்க வேண்டும், ஐம்பதாயிரம் ரூபாய் என்றாலும் சரி. அதுவரை பக்கத்தில் இருக்கும் பழைய அறக்கட்டளையோடு சேர்ந்து விண்ணப்பியுங்கள்.

அப்புறம், ஏழு பேர் சேர்ந்தால் 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கம் பதிவு செய்யலாம். அதை இப்போதே செய்துவிடுங்கள். அக்டோபர் 2 கிராமசபையில் குளத்து வேலைக்குத் தீர்மானம் கேளுங்கள். மனு எழுத உதவி வேண்டுமென்றால் இன்பாக்ஸுக்கு வாங்க.