திரும்ப வருமா டீச்சர்?

ஓய்வுநாள் பள்ளியில், அதாவது சபையின் ஞாயிறு வகுப்பில், பாடம் எடுக்கிறவர்களுக்கு அயோடின் பாடத்தை விளக்க வேண்டியதில்லை. கண்ணாடி டம்ளரில் இருக்கும் தண்ணீர்தான் நம் உள்ளம். பொய், திருட்டு, பொறாமை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தான பீட்டாடைனைச் சொட்டுச் சொட்டாக விட்டால் தண்ணீர் டிகாஷன் போல ஆகிவிடும். அப்புறம் ஹைப்போ கரைத்த தண்ணீரை ஊற்றினால் நொடியில் தெளிந்துவிடும். "இயேசுகிறிஸ்துவின் இரத்தம் சகல பாவங்களையும் நீக்கி, நம்மைச் சுத்திகரிக்கும்" என்பது அன்றைய மனன வசனம். ஹைப்போவுக்காகப் பாரிமுனை வரை அலைய வேண்டாம். கொளத்தூர் மீன் கடைகளில், தொட்டித் தண்ணீரில் குளோரினை முறிக்க விற்கிற வெள்ளைப் படிகம் அதுதான்.

இதற்கு முன் நான், எழுத்தே இல்லாமல் நிறப் பக்கங்கள் மட்டும் உள்ள வார்த்தையில்லாப் புத்தகத்தைத்தான் வைத்திருந்தேன். 1866-ல் லண்டனில் ஸ்பர்ஜன் என்ற போதகர் செய்த பிரசங்கத்திலிருந்து வந்தது அது. அவர் சொன்னவை கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்ற மூன்று பக்கங்கள்தான். பொன்னிறமும் பச்சையும் பிற்பாடு சேர்ந்தவை. கறுப்புப் பக்கத்தைத் தூக்கிக் காட்டி "இதுதான் பாவம்" என்று நம் ஊர்ப் பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. நிறத்தைச் சொல்லிக் கேலிக்கு ஆளாகிற பிள்ளை இல்லாத வகுப்பு எது? அதனால்தான் டம்ளருக்கு மாறினேன். அந்த முடிவில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

சந்தேகமெல்லாம் பாடம் முடிந்த பிறகு நடந்த பேச்சில்தான். ஒத்தாசைக்கு வருகிற பையன் அப்போது ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். டம்ளரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"அயோடின் வெளிய போகல இல்ல டீச்சர்? கலர் மட்டும்தான போச்சு?"

"ஆமா."

"அப்ப திரும்ப வருமா?"

"வராது."

"எது போட்டாலுமா?"

"வராதுப்பா. டம்ளரைக் கழுவி வை."

அவ்வளவுதான் பேச்சு. மேசையைச் சுற்றிச் சின்னப் பிள்ளைகள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். இப்போதுதான் பாவம் நீங்கியது என்று காட்டியிருக்கிறேன், "வரலாம்" என்று அவர்கள் காதுபட எப்படிச் சொல்வது? அந்த இடத்தில் வேறு யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நான் பதில் சொன்னது பாடத்துக்கு, வேதியியலுக்கு இல்லை.

ஆனால் அவன் கேட்டது வேதியியலா? அவனுடைய அப்பா குடியை விட்டவர். சபை நடுவில் நின்று சாட்சி சொன்னார். அன்று முன் பெஞ்சில் உட்கார்ந்து இந்தப் பையன் தலையைக் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. வீட்டில் இப்போது எப்படி என்று எனக்குத் தெரியாது, நானும் கேட்டதில்லை. "எது போட்டாலுமா" என்று கேட்டபோது அவன் குரலில் ஏதாவது இருந்ததா என்று பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒரு சமயம் இருந்தது போலத் தோன்றுகிறது. இன்னொரு சமயம், பரீட்சைக்குப் படிக்கிற பையன், அறிவியல் கேள்வி கேட்டான், அவ்வளவுதான் என்று தோன்றுகிறது.

வீட்டில் செய்தும் பார்த்தேன். அயோடின் எங்கேயும் போவதில்லை. ஹைப்போவோடு சேர்ந்து நிறமில்லாத அயோடைடாகிறது, அவ்வளவுதான். தெளிந்த தண்ணீரில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, மருந்துக் கடையில் வாங்கிய ஹைட்ரஜன் பெராக்சைடை விட்டேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. டம்ளரை அப்படியே வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். வந்து பார்த்தால் மெல்லிசாக மஞ்சள் ஏறியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பழுப்பானது. மீந்துபோன ஹைப்போ தீரும்வரை நிறம் காத்திருக்கும் போலிருக்கிறது.

வேதத்திலும் இரண்டும் இருக்கின்றன. 32-ம் சங்கீதம் பாவம் "மூடப்பட்ட"வனைப் பாக்கியவான் என்கிறது. 103-ம் சங்கீதமோ மேற்குக்கும் கிழக்குக்கும் உள்ள தூரத்துக்கு அதை விலக்கிவிட்டார் என்கிறது. நான் விசுவாசிப்பது இரண்டாவதை. டம்ளர் காட்டுவது முதலாவதை. பொருளை வைத்துக் கற்பிப்பது நாமாகக் கண்டுபிடித்த வழி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். எசேக்கியேல் செங்கல்லில் எருசலேமை வரைந்தான். எரேமியா சணல்கச்சையைக் கன்மலை வெடிப்பில் ஒளித்து வைத்தான். ஆண்டவரே ஒரு வெள்ளிக்காசைக் கொண்டுவரச் சொல்லி, இது யாருடைய சுரூபம் என்று கேட்டார். ஆனால் எரேமியாவின் கச்சை உண்மையிலேயே கெட்டுப்போனது. அந்தக் காசில் ரோமப் பேரரசனான இராயனின் தலை உண்மையிலேயே இருந்தது. என் டம்ளரில் நடந்ததாக நான் சொன்னது நடக்கவில்லை. இதை எழுதும்போதே, எந்த உவமையையும் இப்படித் தோண்டினால் தாங்காதே என்றும் தோன்றுகிறது. ஆண்டவர் உவமையாகச் சொன்ன புளித்தமாவையும் கடுகு விதையையும் நாம் இப்படியா துருவுகிறோம்?

மன்னிப்பு வேறு, பழைய இச்சை திரும்பத் தலைதூக்குவது வேறு. பெரியவர்களிடம் இதைச் சொல்லலாம். ரோமர் 7-ல் பவுலே தனக்குள் வாசமாயிருக்கிற பாவத்தைப் பற்றிப் பேசுகிறார். ஒன்பதாம் வகுப்புப் பையனிடமும் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அப்பாவைப் பற்றிக் கேட்கிறான் என்றால், "வரலாம்" என்ற வார்த்தையை அவன் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதா? அதற்கு "வராது" என்பதே மேல் என்று நினைக்கிறேன். ஒருவேளை வந்துவிட்டால், அன்று அவன் நம்பாமல் போவது அப்பாவையா, என்னையா, நான் சொன்ன ஆண்டவரையா என்ற இடத்தில்தான் யோசனை நின்றுவிடுகிறது.

இந்த மே மாத விபிஎஸ்ஸுக்கு (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) அயோடின் பாடத்தை இளம் ஆசிரியைகளுக்குச் செய்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். செய்து காட்டப் போகிறேன். பிள்ளைகள் வீட்டுக்குப் போயும் சொல்கிற பாடம் அது, விட மனசு வரவில்லை. பெராக்சைடையும் அவர்களுக்குக் காட்டுவதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. பையன் இப்போது பெரியவர்கள் வகுப்புக்குப் போய்விட்டான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நிற்பான். அவனிடம் போய், "தம்பி, அன்னைக்கு நீ எதைக் கேட்டே?" என்று கேட்க வேண்டும். கேட்டால், அவனுக்கு அது நினைவே இல்லாமலும் இருக்கலாம்.