உதிர்வதை நிறுத்த முடியாது, உதிரும் இடத்தை மாற்றலாம்

எங்கள் நாய் மணி லாப்ரடார் இனம். முடி குட்டையாக இருப்பதால் அதிகம் கொட்டாது என்று நம்பி இந்த இனத்தை வாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் மேலே முரட்டு முடி, அடியில் மெல்லிய உள்முடி என்று இதற்கு இரண்டு அடுக்கு. கடலூரில் பங்குனி வெயில் ஏறியதும் உள்முடி கொத்துக் கொத்தாகக் கழன்றது. அப்பாவின் வேட்டியில் முடி, தலையணையில் முடி, பூசைத் தட்டில்கூட முடி.

"கத்திரி வெயில் வருகிறது, பேசாமல் மொட்டை அடித்துவிடு" என்றார் அம்மா. கால்நடை மருத்துவர் வேண்டவே வேண்டாம் என்றார். அந்த முடிதான் வெயில் நேரே தோலில் படாமல் காக்கிறது. மழித்தால் சில நாய்களுக்குச் சீராகத் திரும்ப வளராது. மழித்தாலும் உதிர்வது நிற்காது, குட்டை முடியாக உதிரும். அது பாயில் குத்திக்கொண்டால் எடுப்பது இன்னும் பாடு.

ஆகவே சீப்பைப் பிடித்தேன். முதலில் ரப்பர் பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்த்து முடியைத் தளர்த்துவேன். பிறகு முனை மழுங்கிய அகலப் பல் சீப்பால், முடி படிந்திருக்கும் திசையிலேயே சிறிது சிறிதாக இழுப்பேன். பின்தொடையிலும் வால் அடியிலும்தான் குவியல் குவியலாக வரும். தொடையைத் தொட்டால் மணி உறுமும். ஒரு காரட் துண்டு அதைச் சமாதானப்படுத்தும். தோல் சிவந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். உதிர்முடி எடுக்கவென்றே விற்கும் பிளேடு வைத்த கருவியை ஓயாமல் இழுத்தால் மேல்முடியும் அறுந்துவிடும். நான் அதை எப்போதாவதுதான் தொடுகிறேன்.

இடம் மொட்டை மாடி. மாலையில் கடற்காற்று கிழக்கிலிருந்து அடிக்கும், எங்களுக்கு மேற்கே பக்கத்து வீட்டு வடகம் காயும். அதனால் அந்த வீட்டு அக்கா வடகத்தை எடுத்துக்கொண்டு கீழே போனபிறகுதான் சீப்பு வெளியே வரும்.

குளிப்பாட்டுவது மாதம் ஒரு முறை, அதுவும் சீவி முடித்த பிறகு. கழன்ற முடியோடு நனைத்தால் சிக்குப் பிடிக்கும். நம் ஷாம்பு நாயின் தோலுக்கு ஒத்துவராது, நாய்க்கு உரியதுதான் வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் துவட்டுவதுதான் பெரிய வேலை. உள்முடியில் ஈரம் தங்கினால் நாற்றமும் புண்ணும் வரும். மின்விசிறிக்கு அடியில் நன்றாகக் காயவிட வேண்டும். காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுவேன்.

கடலூர் முதுநகரில் மத்தி மீன் மலிவாகக் கிடைக்கும் நாளில் உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து, முள் நீக்கிச் சோற்றில் பிசைந்து வைக்கிறோம். முடிக்குப் பளபளப்பு வந்தது உண்மை. உதிர்வது அதனால் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ ஓயாமல் சொறிந்தாலோ சீப்பை வைத்துவிட்டு மருத்துவரிடம்தான் போக வேண்டும். அது பூஞ்சையாகவோ சொறிப்பூச்சியாகவோ இருக்கலாம்.

உதிர்காலத்தில் தினமும், மற்ற நாட்களில் வாரம் இரு முறை சீவுகிறேன். வீட்டுக்குள் பெருக்குகிற முடி பாதிக்கும் கீழே வந்துவிட்டது. சீவிய முடியைப் பையில் கட்டிக் குப்பையில் போடுகிறேன். உண்ணி மருந்து தடவிய முடியைக் காக்கை கூட்டுக்குக் கொண்டுபோனால் குஞ்சுகளுக்கு ஆகாது.