மயிலாப்பூர்ல கடையை மாத்தின கதை, உங்களுக்கும் உதவலாம்

நாங்க பரதநாட்டிய டிரெஸ் தைக்கிற கடை வச்சிருக்கோம், அப்பா ஆரம்பிச்சது, மாடவீதிக்குப் பின்னாடி ஒரு சந்துல. போன வருஷம் (2025) ஆனி மாசம் ஓனர் வீட்ல இருந்து கூப்பிட்டு, பில்டிங்க ஜாயின்ட் வெஞ்சருக்குக் (பில்டரோட சேர்ந்து இடிச்சுக் கட்ட) குடுத்துட்டோம், 3 மாசத்துல காலி பண்ணிடுங்கம்மான்னு சொல்லிட்டாங்க. கீழ இருந்த பூக்கட்டுற அக்கா, ஜெராக்ஸ் கடை, நாங்க, எல்லாருக்கும் அதே பதில்தான்.

அப்ப ஏரியாவே மாறிட்டு இருந்த நேரம். திருமயிலைல மெட்ரோ ரெண்டு லைன் சேருதுன்னு லஸ் பக்கம் எங்க பார்த்தாலும் தகரம் அடைச்சு தோண்டிட்டு இருந்தாங்க, பஸ்ஸெல்லாம் சுத்திப் போச்சு, நடந்து வர்ற கஸ்டமர் பாதியாயிட்டாங்க. நிறைய பேர் வேளச்சேரி பக்கம் போயிடு வாடகை கம்மின்னு சொன்னாங்க. எனக்கு மனசு வரல. எங்ககிட்ட வர்றவங்க டிரெஸ்ஸுக்கு மட்டும் வர்றதில்ல, அதே நடைல சலங்கை, டெம்பிள் ஜுவல்லரி, சவுரி, எல்லாம் வாங்கிட்டு கபாலியையும் கும்பிட்டுட்டுப் போவாங்க. அமெரிக்கால இருந்து லீவுக்கு வந்து அரங்கேற்றம் பண்ற பிள்ளைங்களுக்கு இருக்கறதே சில வாரம்தான், அவங்கள வேளச்சேரிக்கு வாங்கன்னா எப்படி?

2 மாசம் அலைஞ்சு மந்தைவெளி போற வழியில ஒரு மாடி கிடைச்சுது. பழைய வாடகை 9,000, இது 18,500, அட்வான்ஸ் 10 மாசம். இங்கதான் நான் பண்ண பெரிய தப்பு தெரிஞ்சுது. பழைய கடைக்கு அக்ரிமென்ட் புதுப்பிச்சே பல வருஷமாச்சு, எல்லாம் வாய் வார்த்தைதான், அப்பா குடுத்த அட்வான்சுக்கு ஒரு சீட்டு கூட இல்ல. நல்ல மனுஷங்க, இடிக்கறதுக்கு முன்னாடி திருப்பிக் குடுத்துட்டாங்க. குடுக்கலன்னா என்கிட்ட காட்ட ஒண்ணும் கிடையாது. தயவுசெஞ்சு இன்னைக்கே உங்க அக்ரிமென்ட் தேதிய எடுத்துப் பாருங்க.

அந்தப் பணம் பழைய காலத்து அட்வான்ஸ், புது இடத்துக்குப் பத்தாது, மீதிக்கு வளையல வச்சேன். மெஷின், கட்டிங் டேபிள், ஸ்டீம் அயர்னுக்கு லோன் தேவைப்பட்டுது. அப்பதான் நம்ம தமிழ்நாடு அரசு கலைஞர் கைவினைத் திட்டம் பத்தி ஒரு டான்ஸ் டீச்சர் சொன்னாங்க. தையலும் அதுல வருது. 35 வயசு ஆகியிருக்கணும், தொழில்ல 5 வருஷ அனுபவம் வேணும், 3 லட்சம் வரைக்கும் லோன், 25 சதவீதம் மானியம், அதிகபட்சம் 50,000. நான் 1,50,000 கேட்டேன், மானியம் 37,500 கணக்கு. ஆன்லைன்லயே விண்ணப்பம் போட்டேன், மெஷினுக்கு கொட்டேஷன் மட்டும் ரெண்டு கடைல வாங்கி வச்சுக்கிட்டேன்.

பேங்க்லதான் நாள் ஓடுச்சு. புது அட்ரஸ்க்கு அக்ரிமென்ட் கொண்டாங்கன்னு அவங்க, முழு அட்வான்ஸ் வராம கையெழுத்து கிடையாதுன்னு புது ஓனர். அது முடிஞ்சா கரண்ட். அந்த மாடிக்கு வீட்டு உபயோக லைன்தான் இருந்துச்சு, கடைன்னா கமர்ஷியலுக்கு மாத்தணும், மீட்டர் ஓனர் பேர்ல இருக்கறதால அவர் கையெழுத்துப் போடணும், அவர் அப்ப பொண்ணு வீட்டுக்கு பெங்களூர் போயிருந்தார், 12 நாள் அதுக்கே போச்சு. கடை பார்க்கும்போதே வாடகையோட சேர்த்து இதையும் பேசிடுங்க, சொத்துவரி ரசீது காப்பியும் அப்பவே வாங்கிடுங்க, தொழில் உரிமத்துக்கு மாநகராட்சில அதைக் கேட்டாங்க.

உத்யம்ல (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) அட்ரஸ் மாத்த ஒரு பிரவுசிங் சென்டர்ல 1,500 கேட்டாங்க. குடுக்காதீங்க, அது இலவசம், ஆதார் ஓடிபி இருந்தா நம்மளே போன்ல பண்ணலாம், நான் ராத்திரி சாப்பிட்டுட்டு உக்காந்து முடிச்சேன்.

பேங்க்ல ஆபீசர் கேட்டார், ஏம்மா, சீசனுக்கு மட்டும் ஓடுற தொழிலா இது, மாசாமாசம் எப்படிக் கட்டுவீங்கன்னு. நான் பில் புக்கோட அளவு நோட்டையும் கொண்டு போயிருந்தேன். அப்பா கையெழுத்துல இருந்து ஆரம்பிச்சு 30 வருஷத்து அளவு, இடுப்பு, தோள், முட்டி வரைக்கும், ஓரத்துல அந்தந்தப் புடவைல ஒரு துணுக்கு ஒட்டியிருக்கும். அம்மா அளவு ஒரு நோட்டுல, அவங்க பொண்ணு அளவு இன்னொண்ணுல. விஜயதசமிக்கு புதுசா சேர்ற குழந்தைங்க, மார்கழி கச்சேரி, கோடைல அரங்கேற்றம், ஸ்கூல் ஆண்டு விழான்னு மாசவாரியா விரலை வச்சுக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் புரட்டிப் பார்த்தார். அப்புறம் விசிறின்னு எழுதியிருக்கே அது என்னன்னார். முன்னாடி கொசுவம் மாதிரி தைக்கிறது சார், முட்டிய மடக்கி அரைமண்டில உக்காந்தா முழுசா விரியணும், எழுந்தா மடிப்பு தானா மூடிக்கணும், பட்டுமேல மெல்லிசு காட்டன் போட்டு ஒவ்வொரு மடிப்பா அயர்ன் பண்ணி, நூல்ல இழையோட்டி ராத்திரி முழுக்க வெயிட் வச்சு விடுவோம்னேன். அடுத்த வாரம் சாங்ஷன் ஆச்சு.

கார்த்திகை மாசம் புது மெஷின் வந்து இறங்கிச்சு, மார்கழிக்குள்ள 14 டிரெஸ் தைச்சுக் குடுத்தோம். பூக்கட்டுற அக்காவுக்கு எங்க மாடிப்படி கீழ இடம் கேட்டேன், ஓனர் சரின்னுட்டார், சாயங்காலம் 4 மணிக்கு மேல அங்கதான் உக்கார்றாங்க. ஜெராக்ஸ் கடைக்காரர் மட்டும் கடையை மூடிட்டு ஊருக்குப் போயிட்டார். தொழில் உரிமம் புது அட்ரஸ்ல இன்னும் கைக்கு வரல, விண்ணப்ப ரசீதை பத்திரமா வச்சிருக்கேன்.